கெமாஸிலிருந்து ஒரு கரையோரப் பாதைக்கு

கெமாஸில் கடல் இல்லை. தண்டவாளம் மூன்று பக்கமாகப் பிரிகிற ஊர் இது. ஒரு பக்கம் சிரம்பான், கோலாலம்பூர், பட்டர்வொர்த். இன்னொரு பக்கம் சிகாமட், ஜொகூர் பாரு. மூன்றாவது பாதை பகாவைத் தாண்டி, பகாங் காடுகளுக்குள் நுழைந்து, கிளந்தானின் தும்பாட்டில் போய் முடியும். எந்த வண்டியில் ஏறினாலும் கடைசியில் கடல் வரும். ஊருக்குள் நின்றால், முன்பு ரப்பர் நின்று இப்போது செம்பனை நிற்கிற மேடு பள்ளங்களும் நெகிரி செம்பிலானின் உள்நாட்டு வெக்கையும்தான்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன், இல்லாவிட்டால் மலாக்கா. தோட்ட லோரியில் நின்றுகொண்டே போய், அலையில் கால் நனைத்து, இலையில் கட்டிய புளிச்சோற்றை மணலில் உட்கார்ந்து தின்று, இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். மறுநாள் விடியலில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இருக்கும்.

இன்று இந்த ஊர் இளையவர்கள் விடுமுறைக்குப் பேசுகிற இடம் பினாங்குத் தீவின் வடமேற்கு மூலை. தெலுக் பஹாங் மீனவர் கிராமத்தில் சாலை முடிகிற இடத்தில் பினாங்கு தேசியப் பூங்காவின் வாசல் இருக்கிறது. அங்கே தொடங்கும் காட்டுப்பாதை கொஞ்ச தூரத்தில் இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் ஏறினால் குன்றைக் கடந்து கெராச்சுட் கடற்கரை. வலப்பக்கம் போனால் கடலை ஒட்டியே தெலுக் டுயோங், அதற்கப்பால் மேட்டின் உச்சியில் முக்கா ஹெட் கலங்கரை விளக்கம். மலேசியாவில் காடும் கடலும் இவ்வளவு நெருங்கி நிற்க, ஒரு நாளில் நடந்து திரும்பக்கூடிய பாதைகள் அதிகம் இல்லை. அதனால் வார இறுதியில் வாசலில் எப்போதும் கூட்டம்.

என் மகளும் அவளுடைய தோழிகளும் அங்கே போகத் திட்டம் போடுகிறார்கள். கைப்பேசியிலேயே ரயில் பார்த்தார்கள், அறை பார்த்தார்கள், மழை பார்த்தார்கள். கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த என் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "முக்கா ஹெட்டுன்னா, மலைமேல வெளக்கு இருக்குமே, அதா கண்ணு?" என்றார். அம்மா பினாங்குக்குப் போனது தைப்பூசத்துக்கு மட்டும்தான், அதுவும் தண்ணீர்மலைக் கோயிலுக்கு. தெலுக் பஹாங் பக்கமே போனதில்லை. அந்த விளக்கைப் பற்றிச் சொன்னது அவருடைய அம்மா.

நாகப்பட்டினத்தில் கிளம்பிய கப்பல்கள் வங்காள விரிகுடாவைக் கடந்து மலாக்கா நீரிணைக்குள் நுழைந்ததும் முதலில் தொடுவது பினாங்கு. அதற்குப் பிறகுதான் போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர். பினாங்குத் துறைமுகத்தின் வடக்கு வாயிலுக்கு வரும் கப்பல்களுக்கு வழிகாட்ட ஆங்கிலேயர் 1883-இல் எழுப்பியது முக்கா ஹெட் விளக்கு. கோபுரத்தின் உயரம் 14 மீட்டர்தான். ஆனால் அது நிற்கிற குன்று 240 மீட்டருக்கு மேல். பல நாள் தண்ணீரையே பார்த்து வந்த கண்களுக்கு, பகலில் அந்தப் பச்சைக் குன்றும் இரவில் அந்த வெளிச்சமும் மலாயாவின் தொடக்கக் காட்சி. 'ரஜூலா' கப்பல் 1926-இல் இந்த வழிக்கு வந்து 1973 வரை ஓடியது. அதன் மேல்தளத்தில் பாயையும் தகரப்பெட்டியையும் வைத்துக்கொண்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நாடு முழுக்க இருக்கிறார்கள்.

கங்காணி வழியாக ஆள் சேர்ப்பதை இந்திய அரசு 1938-இல் நிறுத்துவதற்குச் சில ஆண்டுகள் முன்பு வந்தவர் என் பாட்டி. அவரைப் போன்றவர்கள் பினாங்கைத் தீவென்று சுற்றிப் பார்க்கவில்லை. கப்பலிலிருந்து இறக்கி ஜெரஜாக் தீவில் வைத்தார்கள். அம்மையோ காலராவோ இல்லை என்று தெரியும் வரை அங்கேதான் இருக்க வேண்டும். பிறகு டிப்போ, பிறகு படகில் அக்கரைக்குப் பிறை, அங்கிருந்து ரயில். எந்த ஸ்டேசனில் இறங்குவது, எந்தத் தோட்டத்து லயத்தில் படுப்பது என்பதெல்லாம் கங்காணி கையில். பாட்டி கெமாஸில் இறங்கினார். அதற்குப் பிறகு கடலைப் பார்த்ததாக அவர் சொன்னதே இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பயணத் திட்டம் என்பதற்கு முதலில் வேண்டியது பணமோ நேரமோ இல்லை. எங்கே போவது, எப்போது திரும்புவது என்று தானே முடிவு செய்யும் உரிமை வேண்டும். எங்கள் வீட்டில் அந்த உரிமை வந்து சேர மூன்று தலைமுறை ஆயிற்று.

அம்மா பன்னிரண்டு வயதில் பாட்டிக்குத் துணையாக வெட்டுக்காட்டுக்குப் போகத் தொடங்கினார். 1955 வாக்கில். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, விடிவதற்குள் நெரையில் நின்று, ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் கத்தியால் மெல்லிசாகச் சீவி, பால் வடியும் கிண்ணமான மங்கைக் கவிழ்த்துத் துடைத்து வைத்து, அடுத்த மரம். நூற்றுக்கணக்கான மரங்கள் முடிந்ததும் திரும்ப முதல் மரத்திலிருந்து பால் எடுக்க வேண்டும். நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடக்க வேண்டும். மேடு, பள்ளம், ஓடை, வழுக்கும் மண். மழை பிடித்துக்கொண்டால் அன்று வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. இன்று இளையவர்கள் மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் எத்தனை அடி நடந்தோம் என்று சொல்வதைப் பார்த்து மகிழ்கிறார்கள். அம்மா நடந்ததை எண்ணிச் சொல்ல யாரும் இருக்கவில்லை, எடை போட்ட பாலுக்கு மட்டுமே கணக்கு இருந்தது.

அந்தக் காலம் அவசரகாலமும்கூட. 1948-இலிருந்து 1960 வரை. காட்டிலிருந்த கம்யூனிஸ்டு கெரில்லாக்களுக்கு உணவு போகாமல் தடுப்பதற்காக ஆங்கிலேய அரசு அரிசிக்குக் கணக்கு வைத்தது, லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி போட்டது, ஊரடங்கு வைத்தது. பால் வெட்டப் போகிறவர்கள் வேலி வாசலில் சோதனைக்கு நிற்க வேண்டும். வாளியின் மூடியைத் திறந்து பார்ப்பார்கள், இடுப்பைத் தடவிப் பார்ப்பார்கள். வெட்டுக்காட்டுக்குச் சோறு கொண்டுபோவது குற்றம். பசித்த வயிற்றோடு பத்துப் பதினோரு மணி வரை மரத்துக்கு மரம் நடந்தார்கள் எங்கள் பெண்கள்.

முதுகுப்பையில் நாசி லெமாக் பொட்டலமும் தண்ணீர்ப் போத்தலும் வைத்துக்கொண்டு காட்டுக்குள் போகலாம் என்பது என் மகளுக்கு யோசிக்கவே வேண்டாத விஷயம். இரண்டு தலைமுறைக்கு முன்னால் அதற்குச் சிறை. இந்த ஒன்றை மட்டும் அவளை உட்கார வைத்துச் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாட்டி, பயமா இருக்காதா?" என்று அம்மாவிடம் கேட்டாள். "பயம் காட்டப் பாத்து இல்ல, ஆயி. வாசல்ல நிக்கற ஆளப் பாத்துதான்" என்றார் அம்மா.

ரயிலுக்கு வருவோம். கெமாஸ் என்ற ஊரே ரயிலால் உண்டானது. பிறையிலிருந்து ஜொகூர் பாரு வரை 1909-இல் ஒரே தொடராகப் பாதை முடிந்தது. அதற்கு அடுத்த ஆண்டு கெமாஸிலிருந்து பகாவுக்குக் கிளை போட்டார்கள். அந்தக் கிளைதான் வளர்ந்து வளர்ந்து 1931-இல் தும்பாட்டை எட்டியது. தண்டவாளம் போட்டவர்களிலும் அதைப் பராமரித்தவர்களிலும் தமிழர் ஏராளம். சரளைக்கல் தட்டிய கூலிகள் தமிழ்நாட்டவர், ஸ்டேசன் மாஸ்டர்களிலும் கிராணிமார்களிலும் பலர் யாழ்ப்பாணத்தவர். ஜப்பானியர் வந்தபோது கிழக்குக்கரைப் பாதையின் பெரும்பகுதியைப் பெயர்த்து சயாம் - பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரையும் அதே வேலைக்குக் கொண்டுபோனார்கள். தண்டவாளத்தைப் பிறகு மறுபடி போட முடிந்தது. போன ஆட்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. கெமாஸ்காரர்கள் தண்டவாளத்தைப் பார்க்கிற பார்வையில் இது இன்னும் இருக்கிறது. குறைந்தது என் வயதுக்காரர்களுக்காவது.

நான் சிறுவனாக இருந்தபோது பினாங்குப் பயணம் என்றால் தைப்பூசம். சிங்கப்பூரிலிருந்து பட்டர்வொர்த் போகும் எக்ஸ்பிரஸ் ராக்யாட் கெமாஸில் நிற்கும். இரவு வண்டிகளும் உண்டு. ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிர்வண்டிக்காகச் சின்னச் சின்ன ஸ்டேசன்களில் காத்துக் கிடக்க வேண்டும். ஏன் நிற்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். சன்னலைத் தூக்கிவிட்டு, கட்டுச்சோற்றைப் பிரித்து, பக்கத்து இருக்கைக்காரர்களின் ஊர், தோட்டம், குலதெய்வம் வரை விசாரித்து முடிப்பதற்குள் வண்டி நகரும். தஞ்சோங் மாலிம், ஈப்போ, தைப்பிங் என்று பெயர்ப்பலகை பார்த்துப் பார்த்துத்தான் நாங்கள் இந்த நாட்டின் வரைபடத்தைக் கற்றோம்.

திட்டமிடுவதென்றால் அன்று கடிதம் போடுவது. பட்டர்வொர்த்திலோ பிறையிலோ சொந்தக்காரர் யாராவது இருப்பார். சொந்தக்காரர் இல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்தவர் இருப்பார். அறை எடுத்துத் தங்குவது என்ற எண்ணமே எழவில்லை. பத்துப் பேர் போனாலும் அந்த வீட்டுக் கூடத்தில் பாய் விரிக்கப்படும், நாங்கள் கொண்டுபோகும் மரவள்ளியும் வாழைத்தாரும் அந்த வீட்டு அடுப்பங்கரைக்குப் போகும். அந்தச் செலவுக் கணக்கில் பணம் குறைவு, கடன்பாடு அதிகம். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் போயே ஆக வேண்டும்.

சிரம்பானிலிருந்து கெமாஸ் வரையிலான இரட்டைப்பாதை 2013-இல் முடிந்தது. 2015 அக்டோபரிலிருந்து மின்ரயில் கெமாஸ் வருகிறது. பழைய ஸ்டேசனுக்கு அருகிலேயே நடைமேம்பாலமும் மின்தூக்கியும் வைத்த புதிய ஸ்டேசன். பட்டர்வொர்த்துக்கு நேராகப் போகிற வண்டியில் ஏறினால் ஆறரை, ஏழு மணி நேரத்தில் போய்விடலாம். பத்து ஆண்டுகள் கெமாஸ்தான் மின்ரயிலின் தெற்குக் கடைசி. தெற்கே போகிறவர்கள் இங்கே இறங்கி டீசல் வண்டிக்கு மாற வேண்டும். 2025-இல் மின்ரயில் சிகாமட்டுக்கும் பிறகு ஜொகூர் பாருவுக்கும் நீண்டுவிட்டது.

வேகம் கூடியதில் எனக்கு மகிழ்ச்சிதான். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற எவருக்கும் குளிரூட்டிய பெட்டியின் அருமை தெரியும். ஆனால் இந்த வண்டியில் இடம் பிடிப்பது வேறு கலை. விடுமுறை, தீபாவளி, சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள் எதுவானாலும் இருக்கைகள் விற்பனை திறந்த சில நாளிலேயே தீர்ந்துபோகும். முன்பு நின்றுகொண்டாவது போகலாம். இப்போது இருக்கை எண் இல்லாமல் ஏற முடியாது. கைப்பேசியும் வங்கி அட்டையும் இல்லாத பெரியவர்கள் பிள்ளைகளை எதிர்பார்க்கிறார்கள். அன்று ரயிலேற ஸ்டேசன் மாஸ்டரின் சன்னலுக்கு முன் நின்றால் போதும்.

தீவுக்குள் போகிற வழியும் மாறிவிட்டது. ஜோர்ஜ்டவுன் கடற்கரையில் மணிக்கூண்டோடு ஒரு பெரிய வெள்ளைக் கட்டடம் நிற்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயில்வேக்காரர்கள் கட்டியது, இப்போது சுங்க இலாகாவின் கையில். தீவில் தண்டவாளமே இல்லாதபோது அங்கே ரயில் டிக்கெட் விற்றார்கள், படகில் பிறைக்குப் போய் வண்டி ஏற வேண்டும். 1967-இல் ஸ்டேசன் பட்டர்வொர்த்துக்கு மாறியது. இறங்கினால் நடந்தே ஃபெர்ரி. கார்களைக் கீழேயும் ஆட்களை மேலேயும் ஏற்றிக்கொண்டு அசைந்து அசைந்து போன அந்த மஞ்சள் படகுகளில் தீவை நெருங்கியவர்களுக்கு அது மறக்காது. 1985-இல் 13.5 கிலோமீட்டர் பாலம் திறந்தார்கள், 2014-இல் இரண்டாவது பாலம். 2021 புத்தாண்டு நாளிலிருந்து பழைய படகுகளில் கார் ஏற்றுவது நின்றது. 2023 ஆகஸ்டில் புதிய படகுகள் வந்தன. அவற்றில் ஆட்கள், சைக்கிள்கள், மோட்டார்சைக்கிள்கள் மட்டும். ரயிலில் வருகிற எங்களுக்கு அதனால் நட்டமில்லை. 2018-இல் திறந்த பினாங்கு சென்ட்ரல் ரயில், பேருந்து, ஃபெர்ரி மூன்றையும் கூரையடியிலேயே இணைத்துவிட்டது. காசைச் சில்லறையாக எண்ணிப் போட்டது போய், அட்டையைத் தட்டிவிட்டுப் போகிறோம்.

பாலத்தில் வாடகைக் காரில் போகலாமே என்று மகளின் தோழி ஒருத்தி சொன்னாள். கூடாது என்றேன். பினாங்கைக் கடல் வழியாகத்தான் அணுக வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

ஜெட்டியிலிருந்து தெலுக் பஹாங்குக்கு 101-ஆம் எண் பேருந்து. முன்பு வட கடற்கரைக்கு ஓடியது நீலப் பேருந்து. ஆயர் ஈத்தாமுக்குப் பச்சை, தெற்கே பாலிக் புலாவ் பக்கம் மஞ்சள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள்கூட நிறத்தைப் பார்த்து ஏறினார்கள். நீலப் பேருந்து போன சாலையில் தஞ்சோங் பூங்காவும் பத்து ஃபிரிங்கியும் அன்று தென்னந்தோப்பும் மீனவர் குடிசையுமாக இருந்தன. இன்று உயரமான அடுக்குமாடிகள், விடுதிகள், வார இறுதியில் நகராத வண்டிகள். கடலே சில இடங்களில் தள்ளிப் போய்விட்டது, மண் கொட்டி நிலமாக்கிவிட்டார்கள். தீவின் தெற்கிலும் 2023-இலிருந்து அதே வேலை நடக்கிறது. அந்தப் பக்கத்து மீனவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தும் நிற்கவில்லை. இப்படி எல்லாப் பக்கமும் கரை மாறிக்கொண்டே இருக்கும்போது, வடமேற்கு மூலை மட்டும் காடாகவே தப்பியிருப்பது தற்செயல் அல்ல.

1928-இலேயே அதைப் பந்தாய் ஆச்சே வனக்காப்பு என்று அறிவித்துவிட்டார்கள். பிறகு அங்கே கட்டடம் கட்டும் பேச்சு எழுந்தபோது பினாங்கின் இயற்கை ஆர்வலர்களும் அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் காட்டைக் காப்பாற்றப் பேசினார்கள், எழுதினார்கள். 2003 ஏப்ரலில் அது தேசியப் பூங்கா ஆனது. 1980-ஆம் ஆண்டுத் தேசியப் பூங்காச் சட்டத்தின்கீழ் முதலில் அறிவிக்கப்பட்டது இதுதான். நிலமும் கடலும் சேர்த்து 2,500 ஹெக்டேருக்குச் சற்று அதிகம், அதில் பாதிக்கு மேல் கடல். வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தான் அதைப் பார்த்துக்கொள்கிறது. உலகத்தின் சின்னத் தேசியப் பூங்காக்களில் இதுவும் ஒன்று என்பார்கள். ஒரு பெரிய தோட்டத்தின் அளவுதான் அதன் காடு. கெமாஸ்காரனான எனக்கு இந்த ஒப்பீடு உறைக்கிறது. எங்கள் பக்கம் அந்த அளவு நிலத்தில் காட்டை அழித்து ரப்பர் வைத்தார்கள், ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தார்கள். இங்கே அதே அளவு காட்டை விட்டுவைத்தார்கள். இரண்டையும் பார்த்த கண்ணுக்குத்தான் அந்த விட்டுவைத்தலின் விலை தெரியும்.

அன்று இந்தப் பாதையில் போனவர்கள் மீனவர்கள், விளக்குக் காவலர்கள், விறகு எடுப்பவர்கள். பிறகு பள்ளிச் சாரணர் கூட்டங்கள். வாசல் என்று ஒன்று இல்லை, பதிவு இல்லை, கட்டணம் இல்லை. யார் உள்ளே போனார், யார் திரும்பவில்லை என்று யாருக்கும் தெரியாது. இன்று அலுவலகத்தில் பெயர் எழுதி, எந்தக் கரைக்குப் போகிறோம் என்று சொல்லி, கட்டணம் கட்டி உள்ளே போக வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. காட்டில் நடக்கக் காசா என்று முணுமுணுக்கிறவர்கள் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. உடைந்த மரப்பாலத்தைச் சீர் செய்யவும், குப்பையைச் சுமந்து வெளியேற்றவும், ஆமை முட்டையைக் காக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

கெராச்சுட்டுக்குப் போகும் பாதை ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், ஒன்றரை மணி நேர நடை. நல்ல நிழல். வேர்கள் படிக்கட்டாக அமைந்த ஏற்றம், பிறகு இறக்கம். கரைக்கு முன்னால் ஒரு தொங்குபாலம், அதன் கீழே ஓர் அபூர்வமான ஏரி. மலையிலிருந்து வரும் நன்னீர் மேலேயும் கடலிலிருந்து வந்த உப்புநீர் கீழேயுமாக, இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். மழைக்காலத்தில் நிரம்பும், மற்ற மாதங்களில் தரை தெரியக் கிடக்கும். தண்ணீர் இல்லை என்று ஏமாந்து திரும்புகிறவர்கள் அதிகம், மழை மாதம் பார்த்துப் போகிறவர்களுக்கே அது கிடைக்கும். கரையில் ஆமைக் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. ஆண்டின் நடு மாதங்களில் பச்சை ஆமைகளும், ஆண்டுக் கடைசியை ஒட்டி ஆலிவ் ரிட்லி ஆமைகளும் முட்டையிட வரும். கடலில் இறங்கக் கூடாது. நீரின் உள்ளிழுப்பு பலமானது, நஞ்சுள்ள ஜெல்லிமீன்களும் உண்டு. இதை இளையவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கரை அமைதியாகத் தெரிவதாலேயே அங்கே ஆபத்து.

முக்கா ஹெட் பக்கத்துப் பாதைதான் உண்மையான கரையோரப் பாதை. பாறைகளின்மேல், அலைக்குச் சில அடி மேலே, மரவேர்களைப் பிடித்துக்கொண்டு போகும். அதனாலேயே அது அடிக்கடி காயப்படுகிறது. 2017 நவம்பர் தொடக்கத்தில் ஒரே இரவில் பினாங்கை மூழ்கடித்த புயல்மழை தீவு முழுக்க மரங்களைச் சாய்த்தது, மலைச்சரிவுகளைச் சரித்தது. அதன் பிறகும் பெருமழை வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு பாலமோ பாதைத் துண்டோ போய்விடும். அந்தப் பகுதியை மூடுவார்கள், பிறகு திறப்பார்கள். ஆகவே கிளம்பும் வாரத்தில் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசி, எது திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்வதுதான் முதல் வேலை. போன வருடம் போய் வந்தவர் சொன்னதை நம்பிக் கிளம்பக் கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இந்தத் தீவின் மேற்கு, வடக்குக் கரைகளில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கரையில் நிற்கும்போது கடல் திடீரென்று உள்வாங்கினால் என்ன செய்வது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொண்டே அங்கே போக வேண்டும். மேட்டுக்கு ஓட வேண்டும், பொருளை எடுக்கத் திரும்பக் கூடாது.

மகளின் பட்டியலில் விலையுயர்ந்த காலணி இருந்தது, கைப்பேசிக்கு நீர்புகா உறை இருந்தது. அம்மா சேர்த்தவை வேறு. விடிந்ததும் கிளம்பு, பத்து மணி வெயிலுக்கு முன்னால் ஏற்றத்தை முடித்துவிடு. ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், அதில் ஒன்றைத் திரும்பும் வழிக்கு என்று தொடாமல் வை. அட்டை ஏறாமலிருக்கக் காலுறையில் சவுக்காரம் தேய். ஈரவேரை மிதிக்காதே, தாண்டு. கையில் பிளாஸ்டிக் பை பிடித்துக்கொண்டு போகாதே, குரங்கு அதைத்தான் பார்க்கும். மரத்தைப் பிடிப்பதற்கு முன்னால் மரத்தைப் பார், பாம்பும் முள்ளும் எறும்பும் அங்கேதான். சொல்லச் சொல்ல மகள் எழுதிக்கொண்டாள். எந்த வழிகாட்டிப் புத்தகத்தையும்விட இது சரியாக இருந்ததாக எனக்குப் பட்டது. இருபத்தைந்து ஆண்டுகள் வெட்டுக்காட்டில் நடந்த கால்களின் அறிவு இது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, மக்கள் தாமான்களுக்கும் நகர அடுக்குமாடிகளுக்கும் போன பிறகு, இந்த அறிவைக் கேட்பார் இல்லாமல் போனது. மலையேற்றத்துக்குப் போகும் தமிழ் இளையோர் குழுக்கள் இப்போது நாடெங்கும் பெருகியிருக்கின்றன. வார இறுதியில் குனோங் லேடாங் அடிவாரத்தில் அவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலிருக்கும் ஒரு பெரியவரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நாள் பார்ப்பதில் வீட்டில் சிறு விவாதம் நடந்தது. பினாங்கில் பொதுவாக ஜனவரி, பிப்ரவரி மழை குறைந்த மாதங்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பெருமழை. மகள் பள்ளி விடுமுறையையே பார்த்தாள். எனக்கு மாசி மகம் நினைவுக்கு வந்தது. தெலுக் பஹாங்கில் சிங்கமுகக் காளியம்மன் கோயில் இருக்கிறது. மாசி மகத்தன்று அம்மனைத் தெப்பத் தேரில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோவார்கள். கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அகல் ஏற்றித் தண்ணீரில் விடுவார்கள். பூங்கா வாசலுக்கு அந்தக் கோயில் எட்டிய தூரம்தான். காலையில் காட்டுப்பாதை, மாலையில் தெப்பம். கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள் அதே கடலில் விளக்கு விடுகிற நாளில் அங்கே இருப்பது எனக்குச் சரியாகத் தோன்றியது.

அம்மாவுக்கு எண்பதைக் கடந்துவிட்டது, முழங்கால் ஏற்றத்துக்கு ஒத்துழைக்காது. "நீங்க போய்ட்டு வாங்க. நான் கோயில்ல ஒக்காந்துருக்கேன்" என்றார். மகள் விடவில்லை. தெலுக் பஹாங் படகுத்துறையிலிருந்து கெராச்சுட்டுக்கும் தெலுக் டுயோங்குக்கும் விசைப்படகுகள் போகின்றன. வாடகை பெரும்பாலும் படகுக்குத்தான், ஆள்கணக்கு இல்லை. கடல் கொந்தளிக்காத காலை நேரத்தில் பெரியவர்களைத் தாராளமாக ஏற்றலாம், உயிர்காப்புச் சட்டை போட்டே ஆக வேண்டும். கெராச்சுட்டுக்குப் போகும் படகு முக்கா ஹெட் முனையைச் சுற்றித்தான் போகும். பாட்டி கப்பலிலிருந்து பார்த்த பக்கம் அது.

இதைச் சொன்னதும் அம்மா மறுக்கவில்லை. எத்தனை மணிக்கு ரயில் என்று கேட்டார். ஒரே இரவு தங்குவதாகப் போட்டிருந்த திட்டத்தை மகள் இரண்டு இரவாக மாற்றினாள், வந்த களைப்போடு மறுநாள் விடியலில் அம்மாவைப் படகேற்ற வேண்டாம் என்பதற்காக. பெட்டியில் கழிவறைக்குப் பக்கத்து இருக்கையாகப் பார்த்து அம்மாவுக்கு எடுத்தாயிற்று. திரும்பும் வண்டி கெமாஸ் வந்து சேர இரவு ஆகிவிடும் என்பதால், ஸ்டேசனுக்குக் கார் கொண்டுவரத் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.